கியூபெக் நகரத்தில் அவர் பெயரைச் சொன்னேன்

எங்களுக்குக் கலியாணமாகி ஐம்பது வருசம் ஆகிறதென்று மகள்தான் கணக்குப் பார்த்துச் சொன்னாள். அப்போது நானும் அவரும் மொன்றியலில் அவள் வீட்டில் இருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. எனக்கு அந்த ஐம்பது நினைவில் இல்லை. அவருக்கோ காலையில் சாப்பிட்டது மத்தியானம் நினைவில் இல்லை. அதைத்தான் நான் மகளுக்குத் தெரியாமல் மறைத்துக்கொண்டிருந்தேன்.

"கியூபெக் எண்டு ஒரு பழைய பட்டினம் அம்மா. மதில் கட்டின கோட்டைக்குள்ளை இருக்கு. எல்லாரும் பிரெஞ்சுதான் கதைப்பினம். எனக்கு அங்கை வேலையாலை ரெண்டு நாள் வகுப்பு. நீங்களும் அப்பாவும் என்னோடை வாங்கோ. நான் வகுப்புக்குப் போக, நீங்கள் கைகோத்துக்கொண்டு ஊர் சுத்துங்கோ" என்றாள் மகள்.

"இந்த வயசிலை கைகோக்கிறதோ."

"அப்பா, அம்மாவுக்கு வெக்கமாம்."

அவர் சிரித்தார். அந்த நாட்களில் எது விளங்காவிட்டாலும் சிரித்துவிடுவார். பார்க்கிறவர்களுக்கு நல்ல பகிடிக்காரக் கிழவன் என்றுதான் தெரியும்.

மகள் செய்யும் வேலையைச் சொன்னால்தான் என் பயம் விளங்கும். அவள் ஒரு முதியோர் இல்லத்தில், நினைவு தப்பியவர்களைப் பராமரிக்கும் மாடியில் வேலை செய்கிறாள். ஒருநாள் என்னை மட்டும் அங்கே கூட்டிக்கொண்டு போனாள். தான் எப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்கிறேன் என்று தாய்க்குக் காட்டுகிற பெருமை அவளுக்கு. நிலத்தில் முகம் பார்க்கலாம், அவ்வளவு துப்புரவு. கதவுக்குப் பக்கத்தில் இலக்கங்கள் பதித்த ஒரு தகடு இருந்தது. இலக்கம் தெரிந்தவர்கள்தான் வெளியே வரலாம். உள்ளே கதிரைகளில் வெள்ளைக்காரக் கிழவர்கள் வரிசையாக இருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் எங்கள் ஆள் ஒருவர். நெற்றியில் திருநீறு. என் மகள்தான் காலையில் பூசிவிடுகிறாளாம். என் சேலையைக் கண்டதும் எழும்பி வந்தார்.

"தங்கச்சி, பருத்தித்துறை பஸ் போட்டுதே?"

"இல்லை அண்ணை. இனித்தான் வரும்" என்றேன். வேறென்ன சொல்வது.

"அப்ப சரி" என்று திரும்பிப் போய் அதே கதிரையில் இருந்தார். மகள் இலக்கத்தை அழுத்தினாள். கதவு எங்களுக்குத் திறந்தது.

அன்றைக்கே முடிவெடுத்தேன். இவருடைய நிலை மகளுக்குத் தெரிந்தால் ஊருக்கு விடமாட்டாள். கொடுமையால் அல்ல, அன்பினால்தான் விடமாட்டாள். என்னால் அதோடு சண்டை பிடிக்க முடியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், நாலு பேருக்கு முன்னால் வாய் திறந்து பழக்கமில்லை. திரும்பிப் போகும் ரிக்கற் அடுத்த மாதத்துக்கு இருந்தது. அதுவரை சமாளித்துவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

சமாளிப்பதற்கு நிறைய வேலை இருந்தது. பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வருமுன் அவர்களுடைய பெயர்களை அவர் காதில் சொல்லிவைப்பேன். பல்லுத் தூரிகையில் பற்பசை வைத்துக் கையில் கொடுப்பேன். குளியலறைக் கதவுக்கு வெளியே துவாயோடு நிற்பேன். யாராவது அவரிடம் ஏதாவது கேட்டால் முந்திக்கொண்டு நான் மறுமொழி சொல்வேன்.

"என்னணை அம்மா, ஊரிலை வாயே திறக்கமாட்டியள். இஞ்சை வந்து அப்பாவுக்கும் சேத்தெல்லோ கதைக்கிறியள்" என்று மகள் ஒருநாள் சொன்னாள்.

"குளிருக்கு வாய் தானாத் திறக்குது பிள்ளை" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அதை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

கியூபெக்குக்குக் காரில் போனோம். அங்கே அது கோடைகாலமாம். எனக்குச் சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை தேவைப்பட்டது. மகள் பிடித்திருந்த ஹொட்டேல் மதிலுக்கு உள்ளேயே இருந்தது. காலையில் அவள் வகுப்புக்குப் போகும்போது கைப்பையில் புட்டுப் பெட்டியும், கையில் ஒரு போனும் தந்தாள். ஒன்றாம் இலக்கத்தை அழுத்தினால் தான் எங்கே இருந்தாலும் எடுப்பேன் என்றாள்.

நாங்கள் வெளிக்கிட்டோம். கல் பதித்த ஒழுங்கைகள். ஒன்று ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். எங்கள் ஊரில் மேடென்றால் குளக்கட்டுத்தான். அங்கே ஒரு தெருவிலிருந்து மற்றத் தெருவுக்குப் போகப் படி ஏற வேண்டும். வீடுகளின் யன்னல்களில் எல்லாம் பூச்சட்டி. குதிரை வண்டியில் சனம் போனது. வழி நெடுகக் கடைகள், ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு பெண் நின்று ஏதோ சொல்லிச் சிரித்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் எல்லோருக்கும் கைகூப்பிக்கொண்டு வந்தார்.

மதிலுக்குப் பக்கத்தில் போகும்வரை நல்லாகத்தான் இருந்தது. அங்கே பழைய பீரங்கிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் அதில் குதிரை ஏறுவதுபோல ஏறிப் படம் எடுத்துக்கொண்டிருந்தன. அவர் என் கையை எட்டிப் பிடித்தார். அப்படியொரு பிடி.

"இஞ்சாரும், உதாலை போகக்கூடாது. கோட்டையிலையிருந்து அடிக்கிறாங்கள்."

"அது எங்கடை கோட்டையப்பா. இது வேறை. இஞ்சை சண்டை எப்பவோ முடிஞ்சுது."

"ஆர் சொன்னது?"

"பிள்ளை சொன்னவள்."

"அவளுக்கு என்ன தெரியும். அவள் கைக்குழந்தை."

எங்கள் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, யாழ்ப்பாணக் கோட்டையிலிருந்து செல் குண்டு வரும் நாட்களில், அவளை என் கையில் தந்துவிட்டு இதேபோலத்தான் சுவர் ஓரமாக நடத்திக்கொண்டு போவார். கியூபெக்கிலும் அப்படியே கடைச் சுவர்களோடு ஒட்டி ஒட்டி என்னை இழுத்துக்கொண்டு வந்தார். வெறுங்கையால் என் தலையை மறைத்துப் பிடித்திருந்தார். எதிரே வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் எங்களைப் பார்த்து நின்று, தன் நெஞ்சில் கையை வைத்துச் சிரித்தாள். எங்களைப் படமும் எடுத்தாள். வயது போன இரண்டு பேர் கைவிடாமல் நடப்பது அவளுக்கு நல்ல காட்சியாக இருந்திருக்கும்.

பின்னேரம் மகள் வந்து ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போனாள்.

"அப்பா, என்ன பாத்தியள்?"

"கோட்டை பாத்தது, பீரங்கி பாத்தது, ஆறு—" என்று தொடங்கினேன்.

"அம்மா, நான் அப்பாவைக் கேட்டனான்."

அவர் யோசித்தார். "கடல் பாத்தனாங்கள். வல்வெட்டித்துறைக் கடல் மாதிரி. கப்பல் கட்டி நிண்டது" என்றார். அது கடல் இல்லை, பெரிய ஆறு. ஆனால் கப்பல் நின்றது உண்மை. நான் மூச்சு விட்டேன். அந்த நேரம் பார்த்துக் கோப்பி வந்தது. அவர் முள்ளுக்கரண்டியை எடுத்துக் கோப்பியைக் கலக்கத் தொடங்கினார். நான் முள்ளுக்கரண்டியை வாங்கி வைத்துவிட்டுச் சின்னக் கரண்டியைக் கொடுத்தேன். மகள் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மற்ற நாள் தூரம் போவதில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஹொட்டேலுக்குக் கிட்ட ஒரு வெளி இருந்தது. அங்கே மரநிழலில் ஆட்கள் இருக்க நீள வாங்குகள். பக்கத்தில் அரண்மனைபோல ஒரு பெரிய கட்டடம். அதுவும் ஹொட்டேல்தானாம். அதற்கு முன்னால் பூப்பாத்திகள், ஒருபக்கம் ஒரு கிறிஸ்தவக் கோயில். வாங்கில் இருந்து புட்டைச் சாப்பிட்டோம். எனக்கு ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தது. அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை.

"இதிலை இருங்கோ. இந்தப் பையைப் பாத்துக்கொள்ளுங்கோ. ஆரும் எடுத்துப்போடுவினம்" என்றேன். காவலுக்கு வைத்தால் அசையாத மனிதர் அவர். வெங்காயம் அடுக்கிய லொறியில் ஏறி இருந்து யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தை வரை காவல் போனவர்.

நான் திரும்பி வரும்போது பை வாங்கில் இருந்தது. வாங்கின் கீழே அவருடைய சப்பாத்துகள், கால்மேசு உள்ளே செருகி, ஒன்றோடொன்று சேர்த்து வைத்தபடி இருந்தன. அவர் இல்லை.

சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறவர் இரண்டு இடத்துக்குத்தான் போவார். கோயிலுக்கு, இல்லாவிட்டால் தோட்டத்துக்கு. நான் கிறிஸ்தவக் கோயிலுக்கு ஓடினேன். மெழுகுதிரிகள் எரிந்தன. முழங்காலில் இரண்டு கிழவிகள். அவர் இல்லை. வெளியே வந்தேன். கையில் போன் இருந்தது. ஒன்றாம் இலக்கத்தில் விரலை வைத்தேன். அழுத்தினால் மகள் ஓடி வருவாள், அவரைக் கண்டுபிடிப்பாள். பிறகு அந்த இலக்கத் தகட்டுக் கதவு. அழுத்தாவிட்டால், கால் வெறுமையாக, ஒரு சொல் தெரியாத ஊரில், அவர் கார்களுக்கு நடுவே போவார். விரலை எடுத்தேன். திரும்பவும் வைத்தேன்.

"இஞ்சாருங்கோ" என்று கூப்பிட்டேன். என் வாய்க்குள்ளேயே கேட்டது. தெருவில் நின்று சத்தம் போட்டு அறியாதவள். இன்னும் கொஞ்சம் பலமாக, "இஞ்சாருங்கோ". எங்கள் சந்தியில் அப்படிக் கூப்பிட்டால் இருக்கிற ஆம்பிளையள் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே ஒருவரும் திரும்பவில்லை.

கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவரை அப்படித்தான் கூப்பிடுகிறேன். பெயர் சொன்னதில்லை. அவருடைய பெயர் முருகனுடைய பெயர். நல்லூரில் தேர் இழுக்கும்போது சனம் முழுக்க அந்தப் பெயரைச் சொல்லி அரோகரா போடும். நான் அரோகராவை மட்டும் சொல்லுவேன். சென்றிப் பொயின்ற்றுகளில் ஆமிக்காரன் புருசன் பெயர் கேட்டால் அடையாள அட்டையை நீட்டுவேன். ஆஸ்பத்திரியில் பக்கத்தில் நிற்கிறவர் எனக்காகச் சொல்வார். பெயரைச் சொல்லாமலே ஒரு ஆயுசு போய்விட்டது.

பூப்பாத்திகள் இருந்த பக்கம் ஆட்கள் கூடி நின்றார்கள்.

அவர் அங்கே இருந்தார். காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டிருந்தார். தோட்டக்காரர்கள் பூக்களுக்கு விட்டிருந்த ரப்பர்க் குழாயை ஒரு பாத்தியின் தலைமாட்டில் போட்டு, கையால் மண்ணை வெட்டி நீளமாக ஒரு வாய்க்கால் எடுத்திருந்தார். தண்ணீர் அதில் ஓடியது. ஒரு பாத்தி நிறைந்ததும் அதன் வாயை மண்ணால் அடைத்துவிட்டு அடுத்ததன் வாயைத் திறந்தார். எங்கள் தோட்டத்தில் அதைத் தண்ணீர் மாறுவது என்போம். நான் இறைப்பு மிசினடியில் நிற்பேன், அவர் மண்வெட்டியோடு வெங்காயப் பாத்திகளில் நிற்பார். சிவப்புப் பூக்களை எல்லாம் களையென்று பிடுங்கி ஒரு பக்கத்தில் குவித்து வைத்திருந்தார். அவசரமில்லாத, ஒழுங்கான வேலை.

என்னைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"இஞ்சாரும், மிசினை நிப்பாட்டிப் போடாதையும். இன்னும் ரெண்டு வரி கிடக்கு."

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து பழைய தோட்டக்காரனின் வசனம் வந்தது. பிழையே இல்லாத வசனம். என் கால் தானாகவே தண்ணீர்க் குழாய் பூட்டியிருந்த பக்கம் இரண்டடி போய்விட்டது.

தோட்டக்காரப் பெண் ஒருத்தி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கோபம் இல்லை, என்ன செய்வதென்று தெரியாத முகம். பொலிஸ்காரி ஒருத்தியும் வந்திருந்தாள். அவள் என்னிடம் ஏதோ கேட்டாள். பிறகு "நேம்?" என்றாள். அந்தச் சொல் எனக்குத் தெரியும். அவரைக் காட்டித் திரும்பவும், "நேம்?"

நான் அவரைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். வாய் திறக்கவில்லை. அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அவரோடு சம்பந்தமில்லாத ஆள் என்று நினைத்திருப்பாள். பெயர்கூடத் தெரியாதவள் என்ன சொந்தம். நான் அவருடைய மனைவி என்று எப்படி விளங்கப்படுத்துவது. கம்பளிச் சட்டைக்குள் கைவிட்டுத் தாலிக்கொடியை இழுத்தெடுத்துக் காட்டினேன். எங்கள் ஊரில் அதற்கு மேல் ஒரு அத்தாட்சி தேவையில்லை. பொலிஸ்காரி பதறிப்போய் என் கையைப் பின்னால் தள்ளினாள். பூவுக்கு நட்டஈடாக நான் பவுனைக் கழற்றிக் கொடுப்பதாக நினைத்துவிட்டாள்.

அவள் அவர் பக்கம் குனிந்து தோளில் கை வைத்தாள். அவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார். இன்னொரு பொலிஸ்காரன் கிட்ட வந்தான். அப்போது நான் சொன்னேன்.

அவருடைய பெயரை, தகப்பன் பெயரோடு சேர்த்து, முழுதாக, அந்த வெளியில் நின்ற எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். வாய் கூசியது. முகத்தில் சூடு ஏறியது. அவர் என்ன நினைப்பாரோ என்று அவரைத்தான் பார்த்தேன்.

அவர் வாய்க்காலிலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஆர் அது?" என்றார். "தோட்டத்துக்கு ஆரும் வந்தவையே?"

ஒன்றாம் இலக்கத்தை அழுத்திப் போனைப் பொலிஸ்காரியின் கையில் கொடுத்தேன்.

மகள் வகுப்பு அட்டை கழுத்தில் தொங்க ஓடி வந்தாள். பொலிஸோடும் தோட்டக்காரரோடும் பிரெஞ்சில் கதைத்தாள். எல்லோரும் தலையாட்டிக் கலைந்து போனார்கள். தோட்டக்காரப் பெண் குழாயைப் பூட்ட, அவர் வாய்க்காலில் கடைசித் தண்ணீர் வற்றும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். மகள் அவருடைய காலைத் தன் சால்வையால் துடைத்து, சப்பாத்தைப் போட்டு, நாடாவைக் கட்டினாள். கை பழகிய வேலை. தலை நிமிராமலே சொன்னாள்:

"எனக்குத் தெரியும் அம்மா. நீங்கள் வந்த கிழமையே தெரியும்."

நான் குனிந்து அவருடைய மடித்த காற்சட்டையை இறக்கிவிட்டேன்.

"நான் செய்யிறதே இந்த வேலை. நீங்கள் அப்பான்ரை காதுக்குள்ளை பேரன்மாற்றை பேர் சொல்லிக் குடுக்கிறதும் தெரியும், நேத்து முள்ளுக்கரண்டி மாத்தினதும் தெரியும். நீங்களாச் சொல்லுவியள் எண்டுதான் இருந்தனான்."

"சொன்னா அங்கை விட்டிடுவாய்."

"எங்கை?"

"அந்தக் கதவுக்குள்ளை."

அவள் எழும்பினாள். கண் சிவந்திருந்தது. "அந்தக் கதவு அவையள் பனிக்குள்ளை போய் விறைச்சுச் சாகாமல் இருக்கிறதுக்கு அம்மா" என்றாள்.

"நாங்கள் ஊருக்குப் போறம்."

"அங்கை அப்பாவை ஆர் பாக்கிறது?"

"நான்."

"உங்களை ஆர் பாக்கிறது?"

அதற்கு அவர்தான் சொன்னார். "பிள்ளை, நேரம் போகுது. நாளைக்கும் இறைப்பு இருக்கு. வாருங்கோ, வீட்டை போவம்."

மகள் அன்றைக்கு மட்டுமல்ல, பிறகும் எங்களைத் தடுக்கவில்லை. விமான நிலையத்தில் அவருடைய சட்டைப் பையில் எங்கள் விலாசம் எழுதிய அட்டையை ஊசியால் குத்திவிட்டாள். என்னைக் கட்டிப் பிடித்து, "கோவமில்லை அம்மா" என்றாள்.

ஊருக்கு வந்தால் அவருக்குத் தெளியும் என்றொரு எண்ணம் எனக்கு இருந்தது. செம்மண்ணைக் கண்டால், கிணற்றடியைக் கண்டால் என்று. சொந்த வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு முதல்நாள் பின்னேரமே கேட்டார்: "இஞ்சாரும், இருட்டமுந்தி வீட்டை போவமே?"

தோட்டத்தைப் பக்கத்து ஊர்ப் பொடியன் ஒருவனுக்குக் குத்தகைக்குக் கொடுத்திருந்தோம். இப்போது அவனுக்கும் குடும்பம் இருக்கிறது. இவர் காலையில் போய் அவனுடைய பாத்திகளில் தண்ணீர் மாறுவார். கியூபெக்கில் செய்ததுபோல ஒழுங்காக அல்ல. கட்டிய வாயை வெட்டுவார், வெட்டியதை விட்டுவிட்டுப் போவார். நல்ல கோடையில் தண்ணீர் ஒழுங்கையில் ஓடியது. அவன் இரண்டு மூன்று தரம் பொறுத்தான். பிறகு வீட்டுக்கு வந்தான்.

"அம்மா, கோவிக்காதையுங்கோ. தண்ணி போனாப் போகட்டும். அந்தக் கிணத்துக்குச் சுத்துக்கட்டு இல்லை. நேத்து ஐயா விளிம்பிலை நிண்டு உள்ளுக்கை எட்டிப் பாக்கிறார். நான் ஒருநாள் வராமல் விட்டா?"

"நான் என்ன தம்பி செய்ய."

"கேற்றைப் பூட்டி வையுங்கோவன்."

திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போய் ஒரு ஆமைப்பூட்டு வாங்கினேன். கடைக்காரன் "வீட்டுக்கோ, கடைக்கோ?" என்று கேட்டான். வீட்டுக்கு என்றேன். அதன் திறப்பு இப்போது என் சேலைத் தலைப்பில் முடிந்திருக்கிறது. குளிக்கும்போதும் அவிழ்ப்பதில்லை.

மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் எடுப்பாள். அவரைக் காட்டுவதற்காகப் போனை முற்றத்துப் பக்கம் திருப்பினேன். அவர் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். பூட்டு வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. மகள் பார்த்தாள். "அப்பா மெலிஞ்சு போனார்" என்று மட்டும் சொன்னாள்.

கிளினிக்கில் டொக்டர், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், அந்தப் பெயராவது கொஞ்ச நாளைக்கு நினைவில் நிற்கும் என்றார். அதனால் இப்போது கூப்பிடுகிறேன். ஒழுங்கையால் போகிற பெண்டுகள் ஆளையாள் பார்த்துச் சிரிக்கிறார்கள். "கனடாவுக்குப் போட்டு வந்த பிறகு ஆச்சி புருசனைப் பேர் சொல்லியெல்லோ கூப்பிடுறா" என்று ஒருத்தி எனக்குக் கேட்கவே சொன்னாள். சொல்லட்டும்.

இன்று காலையிலும் அவர் கேற்றடியில் நின்றார். பூட்டைக் கையில் எடுத்துத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணியோடு போய் அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பி, மரியாதையாக என்னைப் பார்த்தார். நான் அயல் வீட்டு ஆள்போல.

"அவர் வெளியாலை போட்டார். பிறகு வாங்கோ" என்றார்.

"எங்கை போட்டார்?"

"தண்ணி மாறப் போனவர். முடியத்தான் வருவார்."

தேத்தண்ணியை அவர் கையில் கொடுத்தேன். சூடு பார்த்து வாங்கிக் குடித்தார்.

"வந்தா, மனிசி தேடினவ எண்டு சொல்லிவிடுங்கோ" என்றேன்.

"ஓம், சொல்லுறன்" என்றார். மற்றக் கையால் பூட்டை விடவில்லை.